உங்கள் பாத்திக் எது?

ஓவியமோ, சிற்பமோ, நாடகமோ, எழுத்தோ, இனி அதையே முழுநேரமாகச் செய்யப்போகிறேன் என்று முடிவெடுக்கும் இளைஞர்கள் முதலில் கேட்பது, "வேலையை விட்டுவிடலாமா?" என்பதைத்தான். அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. படைப்பு சோறு போடாத வருடங்களில் சோறு எங்கிருந்து வரும்? இந்தத் துறைகளில் நீடித்து நின்றவர்களைப் பார்த்தால், அநேகமாக ஒவ்வொருவரிடமும் இதற்கு ஏதோ ஒரு பதில் இருந்திருக்கிறது. துணிச்சல் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் மாதம் பிறந்து வீட்டுக்காரர் வாடகை கேட்டு வரும்போது துணிச்சல் மட்டும் போதாது.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல பதில் இருக்கிறது. 1960களில் சென்னை அரசு கலைத்தொழில் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். இளம் வயதில் குடும்பத்துக்காகத் தந்தித் துறையில் வேலை பார்த்து, அதன் பிறகு ஓவியம் படிக்க வந்தவர் அவர். தன்னிடம் படித்து வெளியேறும் திறமைசாலிகள், ஏதாவது ஒரு வேலையில் சேர்ந்து சில வருடங்களில் தூரிகையையே மறந்துபோவதை அவர் கண்ணால் பார்த்தார். நவீன ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் அன்றைய சென்னையில் மிகக் குறைவு. எங்கேயாவது போய்ப் பிழைத்துக்கொள்ளுங்கள் என்று மாணவர்களை அனுப்பிவிட அவருக்கு மனம் வரவில்லை.

அவரும் மாணவர்களும் சில இளம் கலைஞர்களும் சேர்ந்து கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். துணியில் மெழுகு பூசிச் சாயத்தில் தோய்த்தெடுக்கும் பாத்திக் வேலையும் வேறு சில கைவினைகளும் செய்து விற்றார்கள். ஓவியத்தைத் திரும்பிப் பார்க்காத வீடுகளும் பாத்திக் துணியை வாங்கின. அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்து, ஊருக்கு வெளியே மணலும் சவுக்குமாகக் கிடந்த ஈஞ்சம்பாக்கத்தில் எட்டுப் பத்து ஏக்கர் நிலம் வாங்கினார்கள். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது இப்படித்தான். அவரவருக்கு ஒரு மனை, அவரவர் கட்டிக்கொண்ட வீடு, எல்லோருக்கும் பொதுவாக ஒரு பட்டறை.

இதில் நான் மிகவும் மதிப்பது ஒன்று. துணி விற்று வயிறு நிறைந்ததால், ஓவியம் யாரையும் திருப்திப்படுத்த வேண்டிய கட்டாயம் இல்லாமல் போனது. பணிக்கர் தன்னுடைய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையை 1963இல் தொடங்கியபோது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. ஜாதகக் கட்டங்களையும் கணக்குக் குறிப்புகளையும் நினைவூட்டும் அந்தப் படங்கள், வாங்குகிறவரை மனதில் வைத்து வரைந்தவை அல்ல என்பது பார்த்தவுடனே தெரியும். அந்தக் கிராமத்தில் ஒருவர் மாதிரி இன்னொருவர் வரையவும் இல்லை. சுல்தான் அலியின் ஓவியம் ஒரு வழி, உலோகத் தகட்டில் பி.வி. ஜானகிராம் செய்தது வேறு வழி, நந்தகோபாலின் சிற்பங்கள் முற்றிலும் வேறு வழி.

ஆகவே உங்கள் பாத்திக் எது என்று தேடுங்கள். நான் பார்க்கச் சொல்லும் அடையாளங்கள் சில. அது சீக்கிரம் காசாக வேண்டும். மாலை ஆறு மணிக்கு அதை அப்படியே வைத்துவிட்டு எழ முடிய வேண்டும். உங்கள் படைப்புக்குச் செலவாகும் அதே சக்தியை அது உறிஞ்சக் கூடாது. கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் கவனிப்பதில்லை. நாவல் எழுத நினைப்பவர் நாள் முழுக்க விளம்பர வாசகம் எழுதிவிட்டு வந்தால், இரவில் சொற்கள் மக்கர் செய்யும். அதே ஆள் பகலில் கணக்கு எழுதினால், இரவுக்குச் சொல் மிச்சம் இருக்கும். ஓவியருக்குப் புத்தக வடிவமைப்பும் வார இறுதி ஓவிய வகுப்பும் ஒத்துவரலாம். இசைக்கலைஞருக்குச் சுடுமண் நகையே கைகொடுக்கலாம். கௌரவம் பார்க்காதீர்கள். அமெரிக்க இசையமைப்பாளர் பிலிப் கிளாஸின் 'ஐன்ஸ்டைன் ஆன் தி பீச்' என்ற இசை நாடகம் 1976இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஆப்பரா அரங்கில் நடந்தது. அது முடிந்தும் அவர் டாக்சி ஓட்டத்தான் போனார்.

அடுத்தது வீடு. "இவன் என்ன பண்றான்?" என்று கல்யாண வீட்டில் சித்தப்பா கேட்கும்போது பதில் சொல்லப்போவது நீங்கள் அல்ல, உங்கள் அம்மா. அந்தச் சங்கடத்தை அவர் தனியாகச் சுமக்கும்படி விடாதீர்கள். அப்பாவிடம் கனவைச் சொல்லாதீர்கள், கணக்கைச் சொல்லுங்கள். மாதச் செலவு எவ்வளவு, கடன் தவணை எவ்வளவு, கையில் எத்தனை மாதத்துக்கு இருக்கிறது, பக்க வருமானம் எதிலிருந்து வரும், எப்போது மறுபடி உட்கார்ந்து பேசலாம், இவ்வளவும் ஒரே தாளில் அடங்கும். குறைந்தது ஒரு வருடச் செலவு கையில் இல்லாமல் வேலையை விடச் சொல்ல எனக்கு மனம் வராது. தங்கை கல்யாணமோ பெற்றோரின் வைத்தியச் செலவோ உங்கள் தலையில் இருந்தால் வேலையிலேயே இருங்கள், விடியற்காலை இரண்டு மணி நேரத்தை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். அதுவும் முழுப் பாதைதான்.

இனி தனிமை. இதைப் பற்றித்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வேலை செய்யும்போது வேண்டிய தனிமை ஒன்று. அதைக் கதவைச் சாத்தியாவது சம்பாதிக்க வேண்டும். இன்னொன்று, செய்ததைக் காட்டவும் பேசவும் ஆளில்லாத தனிமை. கூடப் படித்தவர்கள் பதவி உயர்வு, வீடு, கார் என்று பேசும்போது உங்களிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. நாளடைவில் அழைப்புகள் குறையும். இது வரும் என்று தெரிந்து வைத்துக்கொண்டால் பாதிக் கலக்கம் தீரும்.

இரண்டாவது தனிமைக்கு ஒரு சின்னக் கூட்டம் போதும். எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கியபோது புதுக்கவிதைக்கு ஆதரவைவிட எதிர்ப்புதான் அதிகம். புத்தகக் கட்டைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்ற மனிதர் அவர். வாசகர் கூட்டம் சின்னதுதான். ஆனால் எழுதியதைக் கூர்மையாகப் படித்து, பிடிக்காததை முகத்துக்கு நேரே சொல்லும் சிலர் அந்தப் பத்திரிகையைச் சுற்றி இருந்தார்கள். அதிலிருந்துதான் 1962இல் 'புதுக்குரல்கள்' என்ற கவிதைத் தொகுப்பு வந்தது. உங்களுக்கும் நான்கு பேர் போதும். மாதம் ஒருமுறை நேரில் சந்தியுங்கள், முடிக்காத வேலையையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். பாராட்ட மட்டும் தெரிந்தவர்களை அந்த நால்வரில் சேர்க்காதீர்கள்.

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். கூட்டாளிகள் எல்லாவற்றையும் சரிசெய்துவிட மாட்டார்கள். சோழமண்டலத்தில் வாழ்ந்த கே. ராமானுஜம், கோட்டில் கனவு நகரங்களை எழுப்பிய அபூர்வமான ஓவியர். மனநலச் சிக்கல்களோடு நெடுநாள் போராடி, 1973இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே மறைந்துபோனார். வலியிலிருந்துதான் கலை பிறக்கும் என்ற பேச்சை நான் வெறுக்கிறேன். தூக்கம் வாரக்கணக்கில் கெட்டாலோ, எழுந்து குளிக்கவே பாரமாக இருந்தாலோ அது படைப்பின் வலி என்று உட்கார்ந்துவிடாமல் மருத்துவரிடம் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது.

கடைசியாகக் காகித வேலை. தனியாக இயங்குகிறவருக்கு அலுவலகம் இல்லை, கேட்க ஆளும் இல்லை, அதனால் சட்டத்தைத் தெரிந்துகொள்வது உங்கள் பொறுப்பு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது அந்த வேலையின் பகுதியாகச் செய்ததன் உரிமை பொதுவாக முதலாளிக்குப் போகிறது. பகல் வேலை பார்ப்பவர்கள் சொந்தப் படைப்பை அலுவலகக் கணினியில், அலுவலக நேரத்தில் செய்யக் கூடாது என்பது இதனால்தான். இன்னொருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் பணம் வாங்கிக்கொண்டு வரைந்த ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால், கேட்டவரே முதல் உரிமையாளர். பலருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எத்தனை ஆண்டு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றும், எந்தப் பகுதிக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதற்கும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். வாய்ச்சொல்லில் உரிமை மாறாது; எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். எனவே தெரிந்தவரே ஆனாலும் எதற்காக, எத்தனை காலத்துக்கு, எவ்வளவு தொகைக்கு, உரிமை யாருக்கு என்று நாலு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முன்பணத்தையும் அதே நாளில் கேளுங்கள்.