கோணம் அறிந்து நிலம் அளப்போம்

நிலம் அளத்தல் என்றவுடன் சங்கிலியும் நாடாவுமே நம் நினைவுக்கு வருகின்றன. நான்கு பக்கங்களின் நீளத்தையும் அளந்துவிட்டால் நிலத்தின் அளவு தெரிந்துவிடும் என்று கருதுவோர் பலர். அஃது உண்மையன்று. பக்கங்கள் நான்கும் கூறியபடியே இருந்தும் பரப்புக் குறைதல் கூடும். அதற்குக் காரணம் மூலைகளில் உள்ள கோணமே. ஆகவே பஞ்சாயத்து உறுப்பினரும் உழவர் பெருமக்களும் கோணத்தைப் பற்றிச் சிறிதேனும் அறிந்திருத்தல் நலம்.

கோணம் என்பது யாது?

ஒரு புள்ளியிலிருந்து இரு நேர்கோடுகள் புறப்பட்டால், அவற்றிற்கு இடைப்பட்ட திறப்பே கோணம் எனப்படும். அதனைப் பாகையால் அளக்கிறோம். ஒரு முழுச் சுற்று 360 பாகை கொண்டது.

சென்னைக்கு வடக்கே, கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தை அடுத்து அமைந்துள்ளது காத்திவாக்கம். தனி நகராட்சியாக விளங்கிய இவ்வூர் 2011-இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. இதற்குக் கிழக்கே கடல், வடக்கே கழிமுகம், மேற்கே பக்கிங்காம் கால்வாய். இவ்வூரின் நடுவே ஒருவர் கடலை நோக்கி நிற்பதாகக் கொள்வோம். அவர் இடப்புறமாகத் திரும்பிக் கழிமுகத்தை நோக்கினால் கால் சுற்றுத் திரும்பியவராவார். அது 90 பாகை, அதுவே செங்கோணம். மேலும் அவ்வளவு திரும்பிக் கால்வாயை நோக்கினால் அரைச் சுற்று, அதாவது 180 பாகை, அது நேர்கோணம். வடகிழக்கோடு நின்றிருந்தால் 45 பாகை; செங்கோணத்திற்குக் குறைந்த அதனைக் குறுங்கோணம் என்பர். வடமேற்கு வரை சென்றால் 135 பாகை, அது விரிகோணம்.

ஒன்றை நன்கு மனத்திற் கொள்ளவேண்டும். கோடுகளின் நீளத்திற்கும் கோணத்தின் அளவிற்கும் தொடர்பில்லை. கைக்கடிகாரமாயினும் பெரிய மணிக்கூண்டாயினும், 3 மணிக்கு முட்கள் காட்டுவது செங்கோணமே.

நான்கு சென்ட் மறைந்த விதம்

40 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள நிலத்தின் மூலைகள் செங்கோணமாக இருப்பின் அதன் பரப்பு 1200 சதுர மீட்டர். அதே பக்க அளவுகளுடன் நிலம் சாய்ந்து, ஒரு மூலை 60 பாகையாக இருப்பதாகக் கொள்வோம். அப்போது எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே செங்குத்தாக அளந்த தூரம் 30 மீட்டராக இராது. ஏறத்தாழ 26 மீட்டராகவே இருக்கும். பரப்பு 40 × 26, அதாவது 1040 சதுர மீட்டர். குறைவு 160 சதுர மீட்டர். ஏறத்தாழ 4 சென்ட். நாடா பொய் சொல்லவில்லை; ஆயினும் வாங்கியவர் 4 சென்ட் இழந்தார். கடலும் கழிமுகமும் ஆறும் சூழ்ந்த ஊர்களில் மனைகளும் வயல்களும் நீர்க்கரையின் போக்கிற்கேற்பச் சாய்ந்திருத்தல் இயல்பாதலின், அங்கே இவ்வெச்சரிக்கை மிகவும் வேண்டும்.

கயிற்றால் அறியும் வழி

நான்கு சட்டங்களை மூலைக்கு ஓர் ஆணி வீதம் பொருத்தினால் அச்சட்டம் ஆடும். குறுக்கே ஒரு சட்டம் அடித்தால் அசையாது. முக்கோணத்தின் மூன்று பக்கங்களும் தெரிந்தால் அதன் வடிவம் மாறாது என்பதே இதன் காரணம். ஆதலால் நிலத்தில் மூலைக்கு மூலை உள்ள குறுக்குத் தூரத்தையும் அளக்கவேண்டும். மேற்கூறிய நிலம் நேரானதாயின் அது 50 மீட்டர். சாய்ந்ததாயின் ஒரு குறுக்கு 36 மீட்டராகவும் மற்றொன்று ஏறத்தாழ 61 மீட்டராகவும் இருக்கும்.

செங்கோணம் அமைக்கவும் இதே முறை உதவும். 12 சம பங்குகளாக முடிச்சிட்ட கயிற்றின் இரு முனைகளையும் சேர்த்து, 3, 4, 5 பங்குகள் உள்ள பக்கங்களாக முளையடித்து இழுத்தால், 3-உம் 4-உம் கூடும் மூலை செங்கோணமாகும். வீட்டிற்கு அடித்தளம் இடுவோர் இம்முறையை இன்றும் கையாளுகின்றனர்.

சென்னையிலிருந்து இமயம் வரை

கோணத்தின் ஆற்றலை நம் மாநிலமே உலகிற்குக் காட்டியது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்பார் சென்னையின் பரங்கிமலை அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்களைக் கணக்கிட்டே அறியலாம். ஏறத்தாழ அரை டன் எடையுள்ள தியோடலைட்டு என்னும் கருவியால் கோணங்களை அளந்து, முக்கோணத்தின்மேல் முக்கோணமாக அப்பணி வடக்கே வளர்ந்தது. அவருக்குப் பின் வந்தோர் அதனை இமயம் வரை கொண்டு சென்றனர். எவரெஸ்டுச் சிகரத்தின் உயரம் 1856-இல் அறிவிக்கப்பட்டது இப்பணியின் பயனாகவே. அப்போது அச்சிகரத்தில் மனிதர் எவரும் ஏறியதில்லை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

நாம் செய்யவேண்டுவது

நிலம் வாங்குவோரும் உடன்பிறந்தாரிடையே பாகம் பிரிப்போரும் பக்க அளவுகளோடு நில்லாது, குறுக்களவுகளையும் எடுத்து நில அளவைத் துறையின் புலப்படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். வேறுபாடு தோன்றின், கல்லைத் தாமே பெயர்த்து நடுதல் கூடாது; நில அளவரிடம் முறைப்படி விண்ணப்பித்தல் வேண்டும். பஞ்சாயத்து உறுப்பினர்கள் முடிச்சிட்ட கயிறு ஒன்றைக்கொண்டு ஊர்ப் பள்ளித் திடலில் இதனைச் செய்து காட்டலாம். வழக்கு மன்றம் வரை செல்லும் வரப்புச் சண்டைகள் பல, இத்தகைய எளிய அறிவால் ஊரிலேயே தீரும்.