நோயால் நின்ற கல்வி

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் தமிழ் பேசும் இல்லங்கள் பல. அங்கு மேல்நிலை வகுப்பில் பயிலும் பிள்ளைக்குப் புற்றுநோய் கண்டால், 1981-இல் தொடங்கப்பெற்ற திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையத்துக்கு மாதக்கணக்கில் சென்று வர நேரும். உடல் தேறுமுன்னரே, "ஓர் ஆண்டு வீணாகிறதே" என்ற கவலை பெற்றோரைப் பற்றிக்கொள்கிறது. (அண்டை வீட்டாரின் விசாரிப்பும் அதில் சேரும்.) ஆகவே நலிந்த பிள்ளையை எப்படியேனும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் அமர்த்திவிடுகின்றனர்.

ஐ.ஐ.டி.யை நாடும் மாணவனுக்கு இவ்வவசரம் பெரும் இழப்பாகும். ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வைப் பன்னிரண்டாம் வகுப்பை முதன்முறை எழுதும் ஆண்டிலும் அதற்கடுத்த ஆண்டிலும் மட்டுமே எழுத இயலும். நோயுடன் ஒரே ஒரு பாடத் தேர்வை எழுதினாலும் அக்கணக்கு தொடங்கிவிடும். எழுதாது காத்திருந்தால் தொடங்காது. மருத்துவக் கல்விக்கான நீட் தேர்வுக்கோ 2022 முதல் வயது உச்சவரம்பே இல்லை. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் தேர்வும் வயதை வினவுவதில்லை.

பள்ளிக்குச் செல்ல வலுவற்றோர் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் சேரலாம். ஒருமுறை பதிவு செய்தால் 5 ஆண்டுகளுக்குள் பாடம் பாடமாகத் தேறலாம். ஐ.ஐ.டி. கருதுவோர் அங்கும் முதல் தேர்வெழுதும் நாளை ஆய்ந்து முடிவு செய்க.

பள்ளியிலேயே தொடர்வோருக்கு வருகைப்பதிவு இடர் தரும். சி.பி.எஸ்.இ. 75 விழுக்காடு கேட்கிறது. தக்க மருத்துவச் சான்றிருப்பின் விலக்களிக்கிறது. எனவே சிகிச்சை தொடங்கும் வாரத்திலேயே சான்றின் நகலைத் தலைமையாசிரியரிடம் அளித்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கி வைக்க வேண்டும்.