கேட்டலே முதற்படி



பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி மூன்று வாரமாகப் பங்கின் மாணவர் இயக்கக் கூட்டத்திற்கு வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். நான்காம் வாரம் வருகிறாள். "ஏன் வரவில்லை?" என்று அதட்டினால், "சும்மாதான்" என்று தலைகுனிவாள். "உன்னைக் காணாமல் தேடினோம் அம்மா, வீட்டில் எல்லாரும் சுகமா?" என்று விசாரித்தால், ஒருவேளை கண் கலங்கி உள்ளதைச் சொல்வாள். முதற் கேள்வி வருகைப் பதிவேட்டிற்கு; இரண்டாவது அவளுக்கு. வளரும் பருவத்தினரோடு உறவு தொடங்குவது இந்த இரண்டாம் கேள்வியில்தான்.

இதை வாழ்ந்து காட்டியவர் கர்தினால் ஜோசப் கார்டைன். 1882-இல் பெல்ஜியம் நாட்டில் உழைப்பாளர் குடும்பத்தில் பிறந்தவர். குருமடத்திலிருந்து விடுமுறைக்கு ஊர் திரும்பியபோது, தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்ட பழைய பள்ளித் தோழர்கள் அவரை அந்நியராகப் பார்த்து ஒதுங்கினார்கள். அந்த வேதனை அவர் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. 1903-இல் தந்தை இறந்த வேளையில், உழைக்கும் மக்களுக்கே தம் வாழ்வு என்று உறுதி பூண்டார். 1906-இல் குருவானார்.

1912-இல் பிரஸ்ஸல்ஸ் நகரின் லாக்கன் பங்கில் உதவிக் குருவாகப் பணியேற்றார். வேலைக்குச் செல்லும் இளம் பெண்களைச் சிறு குழுக்களாகக் கூட்டினார். அவர்களுடைய வேலை எப்படி, கூலி எவ்வளவு, உடன் உழைப்பவர்களின் நிலை என்ன என்று விசாரித்தார். அவர்களையே கவனித்து வந்து சொல்லவும் பழக்கினார். இத்தகைய முயற்சிகளிலிருந்தே 1925-இல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் உருவாயிற்று. "பார், தீர்மானி, செயல்படு" என்பது அதன் வழிமுறை. 1961-இல் திருத்தந்தை 23-ஆம் அருளப்பர் தம் சுற்றுமடலில் இம்முறையைப் பரிந்துரைத்தார். இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கமும் இதையே பின்பற்றுகிறது.

நம் மாணவியிடம் இதைப் பொருத்திப் பார்ப்போம்.

பார்: அம்மாவுக்கு மாலையில் வேலை. தம்பியைப் பார்த்துக்கொள்ள அவளைவிட்டால் ஆளில்லை.

தீர்மானி: இவள் அசட்டைக்காரியா? நம் ஆண்டவர் இவளை எப்படி நோக்குவார்? குறை அவளிடமா, நாம் குறித்த நேரத்திலா?

செயல்படு: கூட்டத்தின் நேரத்தை மாற்றலாம், தம்பியையும் அழைத்து வரச் சொல்லலாம், தோழி ஒருத்தி அவள் வீட்டுக்குப் போய் வரலாம். செயல் சிறியதாக இருக்கட்டும். அந்த வாரமே நடக்கட்டும்.

இதில் பெரியவர்களின் பங்கு என்ன? கூட்டத்தை நடத்துவது மாணவத் தலைவியின் பொறுப்பு. வழிகாட்டும் அருட்சகோதரியோ ஆசிரியையோ அவளோடு முன்னதாக ஆயத்தம் செய்துவிட்டு, கூட்டத்தில் ஓரமாக அமர்ந்து செவிமடுக்க வேண்டும். பிள்ளை நம்பிச் சொன்னது ஊர்ப்பேச்சு ஆகக் கூடாது. ஆனால் அவளுக்கு ஆபத்து என்று தெரிந்தால் மூடி மறைக்கவும் கூடாது. உதவி செய்யக்கூடிய பொறுப்பாளரிடம் சொல்லியே ஆக வேண்டும். இதை அவளுக்கும் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுவது நேர்மை.

லூக்கா நற்செய்தி 24-ஆம் அதிகாரத்தில் எம்மாவுஸ் ஊருக்குச் சென்ற இரு சீடர்களைக் காண்கிறோம். மனமுடைந்து யெருசலேமைவிட்டு விலகிச் செல்கிறார்கள். உயிர்த்த ஆண்டவர் அவர்களோடு நடக்கிறார். எதைப்பற்றிப் பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்கிறார். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை பொறுக்கிறார். மறைநூலை விளக்குவது அதன் பிறகே. அவர்கள் நடந்த திசை தவறானபோதும் ஆண்டவர் உடன் நடந்தார் என்பதை, இளைஞருக்காக 2019-இல் எழுதிய மடலில் திருத்தந்தை பிரான்சிஸ் சுட்டிக்காட்டினார்.

தமிழில் "கேள்" என்ற ஒரே சொல்லுக்கு வினவுதல், செவிகொடுத்தல் என இரு பொருளும் உண்டு. வினவிவிட்டுச் செவிகொடாதவர் பாதி வேலையே செய்தவர்.

சிந்தனைக்கு:

1. நம் குழுவில் இம்மாதம் காணாமற் போனவர் யார்? அவர் வீட்டுக்கு யார் போனோம்?

2. பெற்றோரே, நேற்று உங்கள் மகளிடம் மதிப்பெண்ணைத் தவிர வேறு எதைக் கேட்டீர்கள்?