விமான நிலைய ஓய்வுக் கூடம்: வியாபாரி தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு



நம் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து வியாபாரிகள் கொள்முதலுக்கு வெளி மாநிலம் போவதென்றால் ஒரு காலத்தில் இரண்டு இரவு, மூன்று இரவு ரயில் பயணம்தான். இன்று நிலைமை மாறிவிட்டது. பருப்பு மண்டிக்காரரும், எண்ணெய் வித்து வியாபாரியும், இரும்புக் கடைக்காரரும் விமானத்தில் போய் வருகிறார்கள். விழுப்புரத்தில் ரயில் ஏறித் தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் திரிசூலம் போனால் எதிரிலேயே விமான நிலையம். திண்டிவனத்துக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. சாலையே நேராக அங்கே கொண்டுபோய் விடுகிறது.

விமானம் பறக்கும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரம் அதிகம் என்பது போனவர்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு இளைப்பாற ‘லவுஞ்ச்’ எனப்படும் ஓய்வுக் கூடங்கள் இருக்கின்றன. “வங்கி கார்டைக் காட்டினால் போதும், சாப்பாடு இலவசம்” என்று நம்மவர்கள் பேசிக்கொள்கிறார்கள். இந்த ‘இலவசம்’ என்ற சொல்லைப் பற்றித்தான் இந்த இதழில் சற்று விரிவாகப் பார்க்கப் போகிறோம். ஏனென்றால் இதில் நாமே ஒரு பாடம் படித்துவிட்டு வந்திருக்கிறோம்.

நமக்கு நேர்ந்தது

சென்ற ஆண்டு மே மாதக் கடைசியில் நாமும் திண்டிவனத்து மண்டி நண்பர் ஒருவரும் குஜராத்தில் ராஜ்கோட் பக்கத்திலுள்ள கோண்டல் சந்தைக்கு மணிலாப் பயறு பார்க்கப் புறப்பட்டோம். நண்பர் நம்மைவிட ஐந்து வயது மூத்தவர். நாற்பது ஆண்டுப் பழக்கம். சென்னையில் ஓய்வுக் கூட வாசலில் இருவரும் டெபிட் கார்டைக் கொடுத்தோம். இரண்டு ரூபாய் பிடித்தார்கள். பொங்கல், வடை, காபி எல்லாம் திருப்தியாக முடிந்தது. “என்ன தம்பி, இரண்டு ரூபாய்க்கு இவ்வளவா! நம்ம ஊரில் டீ கூடக் கிடைக்காதே” என்று அண்ணன் சிரித்தார்.

நடுவில் ஒரு பெரிய நகரத்தில் விமானம் மாற வேண்டும். ஐந்து மணி நேரம் இடைவெளி. அண்ணன் நேராக அங்குள்ள ஓய்வுக் கூடத்துக்குப் போய் அதே கார்டை நீட்டினார். “இந்தக் காலாண்டுக்கு உங்கள் முறை முடிந்துவிட்டது” என்றார்கள். பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். ஊரில் அவர் சொல்லுக்கு லட்சக்கணக்கில் சரக்கு நகரும். அப்படிப்பட்டவருக்கு அந்த இடத்தில் முகம் சுருங்கிவிட்டது. ரோஷத்தில் பையிலிருந்த இன்னொரு கார்டை எடுத்துக் கொடுத்தார். உள்ளே விட்டார்கள். நம்மையும் தன் விருந்தாளியாக அழைத்துக்கொண்டார். அது இலவசமல்ல, தலைக்கு இவ்வளவு என்று பிறகு பில்லில் வரும் கார்டு என்பது இருவருக்குமே தெரியவில்லை. அடுத்த மாதம் கணக்கு வந்தபோதுதான் தெரிந்தது.

திரும்பும்போது நடந்தது அதைவிட மோசம். அதே நகரத்தில் மறுபடி பணம் கட்டி உள்ளே போனோம். சாய்வு நாற்காலியில் இருவரும் கண்ணயர்ந்துவிட்டோம். விமானத்துக்குப் போகும் வாயிலை இடையில் மாற்றியிருக்கிறார்கள். இப்போது பல விமான நிலையங்களில் ஒலிபெருக்கியில் அழைப்பதில்லை. பலகையை நாம்தான் பார்க்க வேண்டும். நாம் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது கதவு மூடிவிட்டது. புது டிக்கெட் வாங்கி மறுநாள் வந்தோம்.

டிக்கெட் பணம் போனது பெரிதல்ல. மறுநாள் காலை ஆறு மணிக்கு அறுபது மூட்டை எள்ளுக்கு ரொக்கம் தருவதாக அண்ணன் ஒரு விவசாயிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். மகளின் கல்லூரிப் பணம் கட்ட அன்றுதான் அவருக்குக் கடைசி நாள். பகல் வரை காத்திருந்துவிட்டு வேறு மண்டியில் விலை குறைத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். இன்றுவரை அவர் சரக்கு அண்ணன் கடைக்கு வரவில்லை.

குற்றம் யார் மேலும் இல்லை. விதி தெரியாமல் போன நம் மேல்தான்.

இது எப்படி நடக்கிறது?

விழுப்புரம் சந்திப்பு ஐந்து திசைக்கு ரயில் பிரியும் இடம். அங்கே காத்திருந்து பழகியவர்கள் நாம். உயர் வகுப்புக் காத்திருப்பு அறையில் உட்கார அந்த வகுப்பு டிக்கெட் வேண்டும் என்பது நமக்குத் தெரியும். அது டிக்கெட்டைப் பொறுத்த உரிமை. விமான நிலைய ஓய்வுக் கூடமும் தொடக்கத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான். 1939 இல் நியூயார்க் லாகார்டியா விமான நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் ‘அட்மிரல்ஸ் கிளப்’ என்ற கூடத்தைத் திறந்தது. விமானக் கம்பெனி யாரை அழைக்கிறதோ அவர்களுக்கு மட்டுமே அங்கே இடம். 1992 இல் ‘பிரையாரிட்டி பாஸ்’ வந்தது. எந்த விமானத்தில் போனாலும், ஒரு சந்தா அட்டையை வைத்துக்கொண்டு பல கூடங்களுக்குள் போகலாம் என்ற முறை அப்போது பரவியது. அதன்பின் வங்கிகள் தங்கள் கார்டோடு இந்த வசதியைச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கின.

இங்கேதான் வியாபாரக் கணக்கு இருக்கிறது. நாம் இரண்டு ரூபாய்க்குச் சாப்பிட்டாலும், நம் தலை ஒன்றுக்கு இவ்வளவு என்று கூடம் நடத்துபவருக்கு வங்கியோ கார்டு நிறுவனமோ பணம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கம்பெனிக்காரன் ‘பத்துப் பெட்டிக்கு ஒரு பெட்டி இலவசம்’ என்று நமக்கு ஸ்கீம் கொடுக்கிறான் அல்லவா? அதில் தேதி உண்டு, அளவு உண்டு, நிபந்தனை உண்டு. இதுவும் ஒரு ஸ்கீம்தான். கூட்டம் பெருகிச் செலவு ஏறியதும் வங்கிகள் நிபந்தனையை இறுக்கின. எச்.டி.எப்.சி. வங்கி தன் ‘ரெகாலியா’ கார்டுக்கு 2023 டிசம்பர் முதல், காலாண்டில் ஒரு லட்சம் ரூபாய் செலவு செய்திருந்தால்தான் உள்நாட்டுக் கூடம் என்று வைத்தது. ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி பல கார்டுகளுக்கு 2024 ஏப்ரலில் 35,000 ரூபாய் என்று வைத்து, அதே ஆண்டு நவம்பரில் அதை 75,000 ஆக்கியது. வங்கிக்கும் கூடத்துக்கும் நடுவே தரகராக இருந்த ‘டிரீம்போக்ஸ்’ நிறுவனம் 2025 செப்டம்பர் 16 முதல் உள்நாட்டுக் கூடச் சேவையையே நிறுத்திக்கொண்டது. ஆகவே போன வருடம் நுழைந்தோமே என்று இந்த வருடமும் நம்பிப் போகக் கூடாது.

தெரிந்துகொள்ள வேண்டிய விதிகள்

1. கணக்கு நுழைவுக்குத்தான், பயணத்துக்கு அல்ல. சென்னையில் ஒரு கூடம், மாறும் ஊரில் ஒரு கூடம், திரும்பும்போது இன்னொன்று என்றால் மூன்று முறை. ஒரே விமான நிலையத்தில் ஒரு கூடத்திலிருந்து எழுந்து இன்னொன்றுக்குப் போனாலும் இரண்டு முறைதான். வெளியே வந்துவிட்டு அதே கூடத்துக்குள் மறுபடி போவதையும் பெரும்பாலும் புது நுழைவாகவே எண்ணுவார்கள்.

2. காலாண்டு எது என்று பாருங்கள். ரூபே பிளாட்டினம் டெபிட் கார்டுக்குக் காலாண்டுக்கு ஒரு உள்நாட்டுக் கூடம் என்பது பல ஆண்டுகளாக இருந்து வந்த பொது முறை. இதையும் வங்கிகள் மாற்றுவது உண்டு. காலாண்டு என்பது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் தொடங்குவது. ஜூன் 29 போய் ஜூலை 2 திரும்பினால் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று கிடைக்கும். மே 28 போய் ஜூன் 1 திரும்பினால் மாதம் மாறினாலும் காலாண்டு ஒன்றே. நமக்கு அடி விழுந்தது இங்கேதான்.

3. செலவு நிபந்தனை உள்ள கார்டு என்றால், பல கார்டுகளில் முந்தைய காலாண்டுச் செலவுதான் அடுத்த காலாண்டுக் கதவைத் திறக்கும். பெட்ரோல், வாடகை போன்ற சில செலவுகளைப் பல வங்கிகள் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

4. உள்நாடு வேறு, வெளிநாடு வேறு. சென்னையில் முதல், நான்காம் முனையங்கள் உள்நாட்டுப் பயணத்துக்கு. இரண்டாம் முனையம் வெளிநாட்டுக்கு. உள்நாட்டுக் கூட உரிமையைக் கொண்டு வெளிநாட்டு முனையக் கூடத்துக்குள் போக முடியாது.

5. வங்கி கொடுக்கும் பிரையாரிட்டி பாஸ் பல கார்டுகளில் வெளிநாட்டுக்கு மட்டுமே இலவசம். இந்தியாவில் காட்டினால் தலைக்கு 27 டாலர், 35 டாலர் என்ற அளவில் கட்டணம் ஏறும். கூட வருபவருக்கும் தனிக் கணக்கு. அண்ணன் நம்மை விருந்தாளியாக அழைத்த கதையை நினைவில் வையுங்கள்.

6. கார்டில் உள்ள பெயரும் போர்டிங் பாஸில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். மகன் கார்டில் அப்பா போக முடியாது. அன்றைய பயணத்துக்கான போர்டிங் பாஸ் அவசியம். புறப்படுவதற்கு இரண்டு அல்லது மூன்று மணி நேரம் முன்புதான் பெரும்பாலும் விடுவார்கள். ஐந்து மணி நேர இடைவெளி முழுவதும் உள்ளேயே இருக்கலாம் என்று எண்ண வேண்டாம்.

7. கூடம் நிரம்பியிருந்தால் உரிமை இருந்தும் வெளியே நிற்க நேரும். அதற்கு யாரோடும் சண்டை போட்டுப் பயனில்லை.

வெளிநாட்டில் கவனம்

நம் உறுப்பினர்கள் சிலர் சீனாவின் குவாங்சோ சந்தைக்குச் சிங்கப்பூர் வழியாகப் போகிறார்கள். சாங்கி விமான நிலையத்தில் 1, 2, 3 முனையங்களுக்குள் குடியுரிமைச் சோதனை தாண்டாமலே சிறு ரயிலில் போய் வரலாம். கூடங்களும் பல. ஆனால் ஒவ்வொரு கதவிலும் ஒரு நுழைவு எழுதப்படும். அங்கே சட்டமும் கடுமை. 2016 இல் ஒரு மலேசியப் பயணி விமானத்தைத் தவறவிட்டு, போலி போர்டிங் பாஸ் தயாரித்துக் கூடம் கூடமாக மாறி 18 நாட்கள் அங்கேயே தங்கியிருந்தார். பிடிபட்டு இரண்டு வாரம் சிறை சென்றார். பயணம் போகும் எண்ணமின்றி டிக்கெட்டை வைத்துக்கொண்டு உள்ளே நுழைவதும் அங்கே குற்றமே.

ஏமாற்றுக்காரர்களும் இருக்கிறார்கள்

2024 இல் பெங்களூரு விமான நிலையத்தில் ஒரு பெண் பயணி, கூடத்துக்குள் போகவென்று செல்போனில் வந்த ‘லவுஞ்ச் பாஸ்’ என்ற செயலியை ஏற்றிக்கொண்டார். அது அவர் செல்போனுக்கு வரும் குறுஞ்செய்திகளை வேறிடத்துக்கு அனுப்பும் திருட்டுச் செயலி. அவர் கார்டிலிருந்து 87,000 ரூபாய்க்கு மேல் போய்விட்டது. பிறகு ஆராய்ந்தபோது சுமார் 450 பேர் அதை ஏற்றியிருந்தது தெரிந்தது. கடை வங்கிக் கணக்கும் அதே செல்போனில் வைத்திருக்கும் நமக்கு இது எவ்வளவு பெரிய ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. வங்கியின் சொந்தச் செயலி தவிர வேறெதையும் தொடாதீர்கள். முன்பின் தெரியாதவர் அனுப்பும் இணைப்பை அழுத்தவே வேண்டாம்.

ஒரு சாப்பாட்டின் விலை

கடைசியாக ஒரு கணக்கு. கூடத்தில் பணம் கட்டிப் போனால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அதை இலவசமாகப் பெறவென்றே ஒருவர் காலாண்டில் 75,000 ரூபாய்க்குத் தேவையற்ற சாமான் வாங்கி, பில் தேதியில் கட்ட முடியாமல் ஒரு மாதம் தள்ளிவிட்டால் என்ன ஆகும்? மாத வட்டி 3.5 விழுக்காடு என்றால் 2,625 ரூபாய். அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 472 ரூபாய் 50 காசு. ஆக 3,097 ரூபாய் 50 காசு. மூட்டைக்குப் பத்து ரூபாய் நிற்கும் வியாபாரத்தில் இதைச் சம்பாதிக்க முன்னூற்றுப் பத்து மூட்டை விற்க வேண்டும். எப்படியும் செய்யப்போகும் செலவைக் கார்டில் செய்து, தேதியில் கட்டிவிடுபவருக்கு மட்டுமே இந்த வசதி உண்மையில் லாபம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள் நம் பெரியவர்கள்.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

வங்கிக்கு ஒரு போன் செய்து, இந்தக் காலாண்டில் எத்தனை நுழைவு மீதம், எந்த ஊர்க் கூடத்தில் செல்லும் என்று கேட்டு ஒரு துண்டுத்தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். ஒரே ஒரு முறைதான் பாக்கி என்றால், அதைச் சென்னையில் காலைப் பலகாரத்துக்குச் செலவழிக்காமல் நீண்ட இடைவெளி உள்ள ஊருக்கு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் செல்போனில் மணி வைத்து, விமானம் புறப்பட ஒரு மணி நேரம் முன்பே எழுந்து பலகையைப் பாருங்கள். மறுநாள் யாருக்காவது பணம் தருவதாகச் சொல்லியிருந்தால் பொறுப்பைக் கடையில் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்படுங்கள்.

அண்ணன் சென்ற மாதம் மறுபடியும் ராஜ்கோட் போய் வந்தார். இம்முறை கூடத்துக்கு ஒரே ஒரு முறைதான் போனாராம். எள் வியாபாரத்துக்கு மகனிடம் ரொக்கத்தைக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறார். அந்த விவசாயி வீட்டுக்கும் ஒரு நடை போய்ப் பேசிவிட்டு வரப்போவதாகச் சொன்னார். நாமும் கூடப் போவதாக இருக்கிறோம்.

உறுப்பினர்கள் தங்கள் பயண அனுபவங்களையும் எழுதி அனுப்பினால் மற்றவர்களுக்குப் பயன்படும்.