தீவன மூட்டையைப் படிக்கக் கற்போம்



நம் குழுக்களில் பலர் கறவை மாடு வாங்கக் கடன் எடுக்கிறோம். மாடு வாங்கும்போது பல்லைப் பார்க்கிறோம், மடியைப் பார்க்கிறோம், சுழியைக்கூடப் பார்க்கிறோம். எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையில் ஆட்டைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடுவோம். ஆனால் மாதாமாதம் காசு கொடுத்து வாங்கும் தீவன மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிறோமா?

ஒரு குழுக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர் தவணை கட்ட முடியாமல் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். "மூட்டைக்கு நூத்தம்பது ரூவா கம்மின்னு வேற தீவனம் வாங்குனேன்மா. மாடு நல்லாத்தான் தின்னுது, பாலைத்தான் காணோம்" என்றார். பழைய சாக்கையும் புதுச் சாக்கையும் கொண்டுவரச் சொன்னோம். பத்தாம் வகுப்புப் படிக்கும் அவர் மகள் வாசித்துக் காட்டினாள். பழையதில் புரதம் 20 சதவீதம். புதியதில் 16.

மூட்டையில் பார்க்க வேண்டியவை

பெரும்பாலும் இங்கிலீஷில்தான் இருக்கும். பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள்.

1. குரூடு புரோட்டீன் (புரதம்): பால் சுரக்க இது வேண்டும். 'மினிமம்' என்றால் இதற்குக் குறையாது என்று பொருள். கறவை மாட்டுத் தீவனத்தில் 20 முதல் 22 வரை இருப்பது நல்லது.

2. குரூடு பைபர் (நார்ச்சத்து): 'மாக்ஸிமம்' என்றால் இதற்கு மேல் போகாது என்று பொருள். இது மிகுந்தால் உமியும் தவிடும் அதிகம். நார்ச்சத்துக்கு நம்மிடம் சோளத்தட்டை இருக்கிறதே, அதைக் காசு கொடுத்து ஏன் வாங்க வேண்டும்?

3. மாய்ஸ்சர் (ஈரம்): 11 சதவீதத்துக்கு மேல் கூடாது. ஈரத்துக்கும் சேர்த்துத்தான் விலை கொடுக்கிறோம். பூஞ்சையும் அதனால்தான் பிடிக்கும்.

4. ஆசிட் இன்சொல்யூபிள் ஆஷ்: மண்ணும் மணலும் எவ்வளவு என்பதை இது சொல்லும். குறைவாக இருக்க வேண்டும்.

5. தயாரித்த தேதி, ஐ.எஸ்.ஐ. முத்திரை. மாட்டுத் தீவனத்துக்கான தர எண் ஐ.எஸ். 2052.

கணக்குப் போடுவோம்

50 கிலோ மூட்டையில் புரதம் 20 சதவீதம் என்றால் 10 கிலோ புரதம். விலை 1,500 ரூபாய் என்றால் ஒரு கிலோ புரதம் 150 ரூபாய். 16 சதவீத மூட்டையில் புரதம் 8 கிலோதான். விலை 1,350 என்றாலும் ஒரு கிலோ புரதம் சுமார் 169 ரூபாய். எது மலிவு? நீங்களே சொல்லுங்கள்.

எழுத்தை மட்டும் நம்பலாமா?

ஆய்வுக்கூடத்தில் புரதத்தை நேராக அளப்பதில்லை. தீவனத்திலுள்ள நைட்ரஜனை (தழைச்சத்து) அளந்து 6.25-ஆல் பெருக்குவார்கள். நைட்ரஜன் உள்ள எதைக் கலந்தாலும் புரதம் கூடியதுபோலத் தெரியும். பட்டணங்களில் பூனை, நாய்க்குப் பாக்கெட் தீவனம் போடுகிறார்கள் அல்லவா? 2007-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் அப்படிப்பட்ட தீவனத்தைத் தின்ற பூனைகளும் நாய்களும் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமின் என்ற ரசாயனம் கலந்திருந்தது. மறு ஆண்டே சீனாவில் குழந்தைகளின் பால்மாவிலும் அதே மெலமின் பிடிபட்டது. குழந்தைகள் இறந்தார்கள்.

மாட்டுத் தீவனத்தில் யூரியாவும் இதே வேலையைச் செய்யும். அளவோடு இருந்தால் வளர்ந்த மாடு தாங்கும். மிகுந்தால் விஷம். கன்றுக்குட்டிக்கு ஆகவே ஆகாது. ஆகவே பில் கேட்டு வாங்குங்கள், சாக்கைப் பத்திரமாக வையுங்கள். சந்தேகம் வந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டி, மாதிரியை ஆய்வுக்கு அனுப்ப வழி கேளுங்கள்.

வீட்டிலேயே செய்யலாம்

ஒரு கைப்பிடி தீவனத்தைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொஞ்ச நேரம் வையுங்கள். மணல் இருந்தால் அடியில் தங்கும். முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை, கட்டி, நிறமாற்றம் இருந்தால் போட வேண்டாம். பூஞ்சை நஞ்சு பாலில் இறங்கும், காய்ச்சினாலும் போகாது. அந்தப் பாலை நம் பிள்ளைகளும் குடிக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள், சுவரோடு ஒட்ட வேண்டாம். தீவனத்தை மாற்றும்போது ஒரே நாளில் மாற்றாமல் ஒரு வாரத்தில் கொஞ்சங்கொஞ்சமாக மாற்றுங்கள்.

அந்த உறுப்பினரும் அப்படித்தான் பழைய தீவனத்துக்குத் திரும்பினார். விட்டுப்போன தவணையை இரண்டாகப் பிரித்துக் கட்டக் குழு தீர்மானம் போட்டது.

அடுத்த கூட்டத்துக்கு

ஒவ்வொருவரும் ஒரு காலிச் சாக்கு கொண்டு வாருங்கள். ஒரு கிலோ புரதம் என்ன விலை என்று எல்லோரும் கணக்குப் போட்டுத் தீர்மான நோட்டில் எழுதுவோம். நல்ல தீவனம் எது என்று தெரிந்தால், குழுவாகச் சேர்ந்து மொத்தமாக வாங்குவது பற்றியும் பேசலாம்.