பழைய படைத்துப்பாக்கியின் சிற்றுறுப்புகள்

ஓர் இயந்திரத்தின் நம்பகத்தன்மை பெரிய உறுப்புகளால் மட்டும் அமைவதன்று. விரல் நுனியில் அடங்கும் சிற்றுறுப்புகளே பல வேளைகளில் அதனை முடிவு செய்கின்றன. இதற்கு லீ-என்பீல்டு துப்பாக்கி தக்க சான்றாகும். 1907-இல் ஏற்கப்பட்ட அதன் மார்க் 3 வகை, வங்காளத்தின் இஷாப்பூர்த் தொழிற்சாலையிலும் செய்யப்பட்டது. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020-ஆம் ஆண்டுக் குடியரசு நாளன்றே .303 துப்பாக்கிகளுக்கு விடை கொடுத்தது.

போல்ட் தலை

.303 தோட்டாவின் அடியில் ஒரு விளிம்பு உண்டு. அவ்விளிம்பு குழலின் பின்முகத்திற்கும் போல்ட் தலைக்கும் இடையே அமர்கிறது. இவ்விடைவெளியை இரு அளவுகோல்களால் சோதிப்பர்: 0.064 அங்குலக் கோலின்மீது போல்ட் மூடவேண்டும்; 0.074 அங்குலக் கோலின்மீது மூடலாகாது. வெளி மிகுந்தால், சுடும்போது தோட்டாக்கூடு அடிப்பகுதியருகே நீண்டு இரண்டாக அறுபடக்கூடும்.

1939-இல் ஏற்கப்பட்ட 4-ஆம் எண் துப்பாக்கிக்கு 0 முதல் 3 வரை எண்ணிட்ட போல்ட் தலைகள் இருந்தன. எண் உயர உயரத் தலையின் நீளமும் சிறிது கூடும். தேய்மானத்தை இவ்வாறு ஈடுசெய்தனர். ஆகவே ஒரு துப்பாக்கியின் போல்ட்டை மற்றொன்றில் பொருத்துவது தவறாகும். அது எளிதாக நுழைவதனால் பொருந்திவிட்டது என்று கொள்ளலாகாது. போல்ட்டிலும் உடற்பகுதியிலும் ஒரே எண்ணைப் பொறித்ததன் காரணம் இதுவே.

கொக்கியும் வில்லும்

சுட்ட கூட்டை விளிம்பில் பற்றி வெளியே இழுப்பது போல்ட் தலையிலுள்ள சிறு கொக்கி. பழைய மார்க் 3 வகையில் அதனை அழுத்திப் பிடிப்பது மெல்லிய தகட்டு வில். அது தளர்ந்தாலோ ஒடிந்தாலோ கூடு அறையிலேயே தங்கிவிடும். எனினும் அழுக்கேறிய அறையும் இதே குறையைத் தோற்றுவிக்கும். ஆதலின் முதலில் அறையைத் தூய்மை செய்து, பின்னரே வில்லை ஐயுறுதல் முறையாகும்.

நீக்கப்பட்ட தாழ்

4-ஆம் எண் துப்பாக்கியில் போல்ட்டைக் கழற்ற, வில் பொருத்திய ஒரு தாழ் இருந்தது. போர்க்காலத்தில் உற்பத்தியை விரைவுபடுத்தக் கனடாவிலும் அமெரிக்காவிலும் அத்தாழை நீக்கி, போல்ட் தலை ஓடும் பாதையின் விளிம்பில் ஒரு வெட்டு மட்டும் அமைத்தனர். உறுப்பொன்று குறைந்தது, ஆனால் தேய்மானம் அவ்வெட்டின் ஓரத்திற்கு மாறியது. ஓரம் சிதைந்தால் போல்ட் தலை பாதையை விட்டுத் துள்ளும். சிறு தாழை மாற்றுவது எளிது. சிதைந்த உடற்பகுதியைச் சீர்செய்வது அரிது.

தொகுப்புரை

மாற்றத்தக்க உறுப்பு என்பது அளந்து பொருத்தப்பட்ட உறுப்பே ஆகும். பழைய துப்பாக்கிகளைச் சோதிப்பது பயிற்சி பெற்ற படைக்கலக் கம்மியரின் பணி. வகுப்பில் படங்களைக் கொண்டு விளக்குதலே போதுமானது.

வினாக்கள்

1. இடைவெளியைச் சோதிக்க ஓர் அளவுகோல் போதாமைக்குக் காரணம் யாது?
2. ஓர் உறுப்பை நீக்குவதால் தேய்மானமும் நீங்கிவிடுமா? சான்றுடன் விளக்குக.