லாக் கோப்பை அழிக்காதே

அன்புள்ள கயல்,

சர்வரில் இடமே இல்லை, கணக்கு மென்பொருளின் லாக் கோப்பு (எல்.டி.எஃப்.) மட்டும் 80 ஜி.பி. ஆகிவிட்டது, சர்வீஸை நிறுத்திவிட்டு அதை அழித்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம்மா. அதைத் தொடாதே.

நீ பி.காம். படித்தவள். குறிப்பேட்டில் எழுதிய பிறகுதான் பேரேட்டில் ஏற்றுவோம். உன் மென்பொருளின் தரவை வைத்திருக்கும் எஸ்.கியூ.எல். சர்வரும் அதே ஒழுங்கில்தான் நடக்கிறது. நீ வவுச்சரைச் சேமித்ததும் அது முதலில் லாக்கில் எழுதப்படும். தரவுக் கோப்புக்குச் சற்றுப் பிந்திக்கூடப் போய்ச் சேரும். நடுவில் கரண்ட் போனால், மறுபடி ஓடத் தொடங்கும்போது சர்வர் லாக்கைப் படித்து, முடிந்த பதிவுகளைத் திரும்ப ஏற்றும், பாதியில் நின்றதை நீக்கும். பற்று மட்டும் விழுந்து வரவு விழாத வவுச்சர் மிஞ்சாமல் இருப்பது இதனால்தான். இந்த வழிமுறையை ‘ஏரீஸ்’ என்ற பெயரில் 1992-இல் விரிவாக எழுதிய ஐ.பி.எம். ஆய்வாளர்களில் முதன்மையானவர் சி. மோகன், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர்.

லாக் வீங்கியதற்குக் காரணம், தரவுத்தளத்தை ‘ஃபுல் ரெகவரி’ முறையில் வைத்துவிட்டு லாக்குக்குத் தனியாக பேக்கப் எடுக்காததாகத்தான் இருக்கும். இரவில் எடுக்கும் முழு பேக்கப் அதைக் குறைக்காது. வெளி டிஸ்க்கில் லாக் பேக்கப் எடு, பிறகு கோப்பை ஒருமுறை சுருக்கு. இனி 15 நிமிடத்துக்கு ஒருமுறை தானாக எடுக்கும்படி அமைத்துவிடு. ‘சிம்பிள்’ முறைக்கு மாற்றச் சொல்வார்கள், கேட்காதே. மாலை நாலு மணிக்கு டிஸ்க் போனால் நேற்றிரவுக் கணக்குதான் கையில் இருக்கும்.

யாராவது காலை 11.40-க்கு மார்ச் மாத வவுச்சர்களை அழித்துவிட்டார்கள் என்று வை. எல்லாரையும் மென்பொருளைவிட்டு வெளியே வரச் சொல். மிச்சமுள்ள லாக்கை முதலில் பேக்கப் எடு. நேற்றிரவு முழு பேக்கப்பை வேறு பெயரில் ஏற்று. அதன்மேல் லாக் பேக்கப்புகளை வரிசையாக ஏற்றி, ‘ஸ்டாப் அட்’ கொடுத்து 11.39-இல் நிறுத்து. இடையில் ஒன்று தொலைந்திருந்தாலும் அதற்குமேல் நகர முடியாது.

1.4.2023 முதல் கம்பெனிகளுக்குக் கட்டாயமான எடிட் லாக் வேறு, இந்த லாக் வேறு. யார் எதைத் திருத்தினார் என்று ஆடிட்டருக்குக் காட்டுவது எடிட் லாக். பெரும்பாலும் அதே தரவுத்தளத்துக்குள் இருப்பதால், தரவு போனால் அதுவும் போய்விடும்.

பேக்கப் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, சனி இரவு பேக்கப்பை ஞாயிறன்று பழைய கணினியில் ஏற்று. டிரயல் பேலன்ஸ் எடுத்து அசலோடு ஒத்துப் பார். ஒரு பைசா இடித்தாலும் எனக்கு உடனே போன் பண்ணு.

அன்புடன்,
மாமா